ஆள் இல்லாத வேனுக்குள் ஏழு வாரம்

1. என்னைச் சீட்டாக மாற்றிய நாள்

முதல் நாள் காலையில் என்னை ஒரு சீட்டாக மாற்றினார்கள்.

வேனின் டிரைவர் சீட் என்ன துணியோ, அதே சாம்பல் நிறத் துணியில் ஒரு உறை தைத்து வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்த பிறகு அதைத் தலை வழியாகப் போட்டு, விலாப் பக்கம் ஜிப்பை இழுத்து மூடினார்கள். தலையைச் சுற்றி ஹெட்ரெஸ்ட் மாதிரி பஞ்சு வைத்த ஒரு பெட்டி. கண் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு வலை. கைகள் உறைக்குள்ளிருந்தே ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு வெறும் சீட்தான் தெரியும். ஸ்டியரிங் தானாகத் திரும்புவது போல இருக்கும்.

அதற்கு முன் இருபத்திமூன்று வருஷம் நான் ஸ்கூல் வேன் ஓட்டியவன். இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி ஹட்டனில் இறக்குவேன். முழங்கால் வலி வந்த பிறகு வேனை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் தேடி வந்தார்கள். மலை ரோடு தெரிந்த, விபத்து எதுவும் செய்யாத டிரைவர் வேண்டுமாம்.

வந்தவர் நிலூபா மிஸ். கண்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. எஞ்சினியரிங்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கூட கசுன் என்று ஒரு சிங்கள டெக்னீஷியன். லைட், கேமரா, வயர் எல்லாம் அவர் பொறுப்பு. நிலூபா மிஸ் எனக்கு விஷயத்தை இப்படிச் சொன்னார்.

"வெளிநாட்டுல தானா ஓடுற கார் வந்துட்டுது அண்ணன். ரோட்டக் கடக்கிற மனுசன் டிரைவர் மொகத்தத்தான் பார்க்கிறான். டிரைவர் தலைய ஆட்டினா, கைய காட்டினா, நம்மள கண்டுட்டாருன்னு நெனச்சு கடக்கிறான். அந்தக் கார்ல மொகமே இல்லையே. அப்ப 'நான் உங்களக் கண்டுட்டேன்'னு கார் எப்படி சொல்றது? அதுக்கு ஒரு லைட் வச்சுப் பார்க்கப் போறோம்."

"சரி. அதுக்கு என்னைய ஏன் உறையில போடுறீங்க?"

"தானா ஓடுற வண்டிய இந்த ரோட்டுக்கு கொண்டு வர ஏலாது. நாங்க பரிசோதிக்கிறது வண்டிய இல்ல. வண்டியில ஆளில்லன்னு நெனச்சா சனம் என்ன செய்யுறாங்க, லைட்டப் பார்த்தா என்ன செய்யுறாங்க, அத மட்டும்தான்."

"அப்ப பொய் சொல்றோம்."

"ஏழு வாரத்துக்கு. முடிஞ்ச பொறகு எல்லாருக்கும் உண்மையச் சொல்லிருவோம். தோட்டத்து ஆபீசுலயும் தொழிற்சங்கத் தலைவர்கிட்டயும் அனுமதி எடுத்தாச்சு."

ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு முதல் ஓட்டத்திலேயே கசுனிடம் பேச்சு வாங்கினேன். ரோட்டோரம் நின்ற ஒருவருக்கு வழி விட்டு, பழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன். இயர்போனில் கசுன் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அண்ணே, சீட் தல ஆட்டுறது இல்ல."

2. முகத்தைத் தேடியவர்கள்

ஓட்டும் இடம் ஒரு தோட்டத்து ரோடு. மேலே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், நடுவில் பிள்ளைக் காம்பரா, கீழே ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரி. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தைத்தான் பிள்ளைக் காம்பரா என்போம். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து தேயிலை மலைக்குப் போகிறவர்களும், பகலில் கொழுந்து நிறுக்க வருகிறவர்களும் இந்த ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். வேன் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. யார் கடக்க நின்றாலும் நான் நிறுத்த வேண்டும். அவர்கள் கடந்த பிறகு நிலூபா மிஸ் போய், 'வண்டி உங்களக் கண்டுச்சுன்னு நெனச்சீங்களா?' என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

முதல் வாரம் லைட் இல்லை. வெறும் வேன்.

அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷம் நான் ரோட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேன் நிற்கும். ரோட்டோரப் பெண் அசைய மாட்டார். குனிந்து கண்ணாடிக்குள் பார்ப்பார். இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வலைக்குப் பின்னால் இருக்கும் என் கண்ணுக்கு நேராக அவர் கண் வரும். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நின்றுவிட்டேன், போங்க என்று சொல்ல வாய் வரும். சொல்லக் கூடாது.

பாதிப் பேர் கடக்கவே இல்லை. வேன் போகட்டும் என்று கையால் விரட்டினார்கள். சிலர் திரும்பி மேல் பாதையில் சுற்றிக்கொண்டு போனார்கள். பாக்கியம் என்று ஒரு அம்மா, தலையில் கொழுந்துச் சாக்கோடு வந்தவர், பயத்தில் பின்னால் போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் காலை விட்டுவிட்டார். சாக்கு சரிந்து கொழுந்து முழுக்கச் சேற்றில் கொட்டியது. நிலூபா மிஸ் ஓடிப்போய் அவரோடு சேர்ந்து அள்ளினார்.

"இதுக்கு கண்ணு இருக்கா இல்லியா தாயி?" என்று பாக்கியம் கேட்டார்.

"இருக்கு அம்மா."

"அத வெளிய தெரியுற மாதிரி வைக்கச் சொல்லு."

நிலூபா மிஸ் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

3. நீலப் பச்சை லைட்

இரண்டாவது வாரம் கசுன் கண்ணாடிக்குக் கீழே, வேனின் அகலம் முழுக்க ஒரு எல்.ஈ.டி. பட்டை ஒட்டினார். நீலமும் பச்சையும் கலந்த நிறம். வெறும் பச்சையாக இருந்தால் 'போ' என்று எடுத்துக்கொள்வார்கள், அது நாம் சொல்லக் கூடாத வார்த்தை என்றார் மிஸ். வண்டி தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம், 'கண்டுட்டேன், நிக்கிறேன்' என்று. போகலாமா வேண்டாமா என்பது மனிதர் முடிவு.

லைட்டுக்கான பட்டன் என் இடது கைக்குக் கீழே. ஆளைப் பார்த்ததும் நான் அழுத்துவேன். பட்டை எரியும். வேன் மெதுவாகி நிற்கும்.

முதல் இரண்டு நாள், திருவிழாச் சோடனையா என்று கேட்டார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். யாரும் போர்டு வைத்து விளக்கவில்லை. லைட் எரிந்தால் வண்டி நிற்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான்காவது வாரம் வரும்போது, குனிந்து கண்ணாடிக்குள் பார்ப்பது நின்றுபோனது. லைட் எரிந்ததும் பேச்சை நிறுத்தாமலே கடந்தார்கள். பாக்கியம் அம்மா சாக்கோடு நிதானமாகக் கடந்து, அந்தப் பக்கம் போய் வேனைப் பார்த்து, "நல்ல வண்டி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நிலூபா மிஸ்ஸும் சந்தோஷமாக இருந்தார். உறைக்குள் வேர்த்து ஊறினாலும் வேலை பிடித்துப்போனது. சனம் இவ்வளவு நம்புகிறதே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவராவது கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

4. காம்பரா வளைவு

ஐந்தாவது வாரம், ஒரு பகல். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. ஸ்டோர்ப் பக்கமிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தேன். பிள்ளைக் காம்பரா வளைவில் வலது பக்கம் பாக்கியம் அம்மா நின்றார். பட்டனை அழுத்தினேன். பட்டை எரிந்தது. வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து, நின்றேன். அவர் கடந்தார். ரோட்டின் அந்தப் பக்கம் கால் வைத்தார். நான் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தேன். லைட் இன்னும் அணையவில்லை. அது தானாக அணைய நாலைந்து செகண்ட் எடுக்கும்.

வேன் இரண்டு அடி முன்னால் நகர்ந்திருக்கும். இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் ரோட்டில் இறங்கினார். கையில் குழந்தை.

பிள்ளைக் காம்பராவிலிருந்து ரோட்டுக்கு ஒரு படிக்கட்டு இறங்குகிறது. செங்குத்தான படிக்கட்டு. இடது கரையில், மேலே. உறைக்குள் இருந்து தலையைத் திருப்ப முடியாது. பனி வேறு. அவர் மேலிருந்து லைட் எரிவதைப் பார்த்தபடியே இறங்கி வந்திருக்கிறார்.

பிரேக்கை மிதித்தேன். வேன் நின்றது. ஆனால் பம்பர் அவர் தொடையில் பட்டுவிட்டது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ரோட்டில் உட்கார்ந்தார். குழந்தை வீரிட்டு அழுதது.

இறங்க வேண்டும் என்று கதவைத் தேடினேன். கை உறைக்குள் இருக்கிறது. ஜிப் வெளியே இருக்கிறது. பைக்கில் பின்னால் வந்த கசுன் இன்னும் வளைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆள் இல்லாத வேனை நிமிர்ந்து பார்த்தார். அவரை எனக்குத் தெரியும். சரோஜா. பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆறு வருஷம் என் வேனில், ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த பிள்ளை. எனக்கு விதிகள் எல்லாம் மறந்துபோயின.

"சரோஜா, அடி பட்டிருச்சா? புள்ளைக்கு என்னாச்சு?"

சீட் பேசியதும் அவர் இன்னும் பயந்துபோனார். குழந்தையோடு கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார். நான் உள்ளிருந்து துணியை இழுத்து, தையலைப் பிரித்து, தலையை வெளியே எடுத்தேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அவர் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை.

"மணி மாமாவா?" என்றார். "நீங்க உள்ளயா இருந்தீங்க?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப என்னைய பாத்தீங்கதானே? லைட் எரிஞ்சிச்சே."

கசுன் வந்துவிட்டார். பாக்கியம் அம்மாவும் திரும்பி வந்து நின்றார். எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன்.

"இல்லம்மா. லைட்டு பாக்கியத்துக்குப் போட்டது. ஒன்னைய நான் பாக்கல."

5. நான் கையெழுத்துப் போட்ட தாள்

சரோஜாவையும் குழந்தையையும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார். சாயங்காலம் ஆபீசில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தோட்டத்து வெளிக்கள அதிகாரி, எல்லோரும் கண்டாக்கையா என்று கூப்பிடுபவர், தானே எழுதித் தந்தார்.

'பாதசாரி கவனக்குறைவாக வாகனத்தின் முன் இறங்கினார். சாரதி உடனடியாக நிறுத்தினார்.'

"இப்பிடி இருந்தா யாருக்கும் பிரச்சன இல்ல," என்றார். "ஒங்களுக்கும் நல்லது. இருவத்திமூனு வருசம் கெட்ட பேரு இல்லாம ஓட்டுனவரு."

நிலூபா மிஸ் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.   எழுதியதில் பொய் என்று எந்த வார்த்தையைக் காட்ட முடியும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சரோஜா இறங்கியது உண்மை. நான் நிறுத்தியது உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

இதை வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் சொல்கிறேன்.

6. லயத்தில்

அடுத்த நாள் வேலை இல்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு சரோஜாவைப் பார்க்கப் போனேன். கடைசி லயத்தில், குழாய்க்குப் பக்கத்து வீடு. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் மாமியாரும் அவரும் குழந்தையும்தான்.

மாமியார் வாசலிலேயே சொன்னார். "வாங்க. இவ செஞ்ச வேலையப் பாத்தீங்களா? கைல புள்ளைய வச்சுக்கிட்டு, வண்டி வர்றதக் கூடப் பாக்காம எறங்கியிருக்கா. ஆபீசுலயே எழுதிட்டாங்களாம், இவ மேலதான் பெழையின்னு. என் மகனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். இனிமே புள்ளைய காம்பராவுல விடவும் வேணாம், இவ தூக்கிக்கிட்டு வரவும் வேணாம். நானே வச்சுக்கிறேன்."

சரோஜா அடுப்படியில் நின்றார். முழங்கையில் கட்டு. குழந்தை மாமியார் இடுப்பில் இருந்தது. தாயைப் பார்த்து கையை நீட்டியது. மாமியார் கொடுக்கவில்லை.

"பெழ என் மேலதான் மாமா," என்று சரோஜா சொன்னார். "நாலு வாரமா அந்த லைட்டப் பாத்துப் பாத்து, அது எரிஞ்சா நிக்கும்னு மனசுல பதிஞ்சிருச்சு. ரோட்டப் பாக்கவே இல்ல. லைட்டத்தான் பாத்தேன்."

 நான் போட்ட ஒரு கையெழுத்து இந்த வீட்டுக்குள் வந்து, ஒரு தாயின் இடுப்பிலிருந்து குழந்தையை எடுத்திருக்கிறது.

"அம்மா, கொஞ்சம் உட்காருங்க," என்று மாமியாரிடம் சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உறை, வலை, பட்டன் எல்லாவற்றையும். லைட்டைப் போட்டது நான், போட்டது வேறு ஒருவருக்கு, அது எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எரிந்தது, யாரைப் பார்த்து எரிகிறது என்று லைட் சொல்லவில்லை. "இவ செஞ்சது, நாங்க சொன்னத நம்புனது மட்டும்தான். அந்தத் தாளு தப்பு. அதுல கையெழுத்து போட்டது நானு. நாளைக்குப் போயி மாத்துவேன்."

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "தாளு மாறட்டும், பாப்பம்," என்றார். நான் எழுந்து வரும்போதும் குழந்தை அவரிடமே இருந்தது.

7. தாள் மாறியது

மறுநாள் காலை நிலூபா மிஸ்ஸிடம் தாளைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் இதக் காணல்ல அண்ணன்."

"நான் கையெழுத்து போட்டேன் மிஸ். மாத்தி எழுதணும். ஒங்க ஆராய்ச்சிய நிப்பாட்டுனாலும் சரி."

"பல்கலைக்கழகத்துல நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவாங்க," என்றார்.  "ஆனா மாத்தி எழுதாட்டி நாங்க இவ்வளவு நாள் கண்டுபிடிச்சதெல்லாம் பொய்யாப் போயிரும். சனம் லைட்ட நம்புறாங்கன்னு மட்டும் எழுதிக்கிட்டுப் போனா, வேற ஊர்ல இதே லைட்ட வைப்பாங்க. அங்கயும் ரெண்டு பேர் நிப்பாங்க."

இருவரும் புதிய தாளில் எழுதினோம். விளக்கு ஒருவருக்காக எரியும்போது மற்றவரும் தனக்கென்று எடுத்துக்கொண்டார், அது அவர் தவறு அல்ல, சாரதிக்கு இடது படிக்கட்டு தெரியவில்லை. கண்டாக்கையா முகத்தைச் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். நடந்ததைப் பல்கலைக்கழகத்துக்கும் மிஸ்ஸே எழுதி அனுப்பினார். அங்கிருந்து கூட்டம், கேள்வி, விளக்கம் என்று இரண்டு வாரம் வேன் ஓடவில்லை.

மீண்டும் தொடங்குவதற்கு முன் நிலூபா மிஸ் ஒரு காரியம் செய்தார். காலைப் பெரட்டில், வேலைக்குப் போக நின்ற எல்லோருக்கும் முன்னால் உறையைத் தூக்கிக் காட்டினார். வண்டி தானாக ஓடவில்லை, உள்ளே மணி அண்ணன் இருந்தார், உங்களுக்குச் சொல்லாமல் செய்தோம், மன்னிக்க வேண்டும் என்றார். சரோஜா மேல் பிழை இல்லை என்று பெயர் சொல்லிச் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம். பின்வரிசையில் சரோஜாவின் மாமியார் நின்றார். குழந்தை சரோஜாவிடம் இருந்தது.

அதன் பிறகு மிச்சமிருந்த நாட்கள் உறை இல்லாமல், அவர்களோடு கலந்து பேசித்தான் செய்தோம். பட்டையைக் கசுன் பல துண்டுகளாகப் பிரித்தார். வலது பக்கம் ஆள் நின்றால் வலது துண்டு மட்டும் எரியும். இரண்டு பேர் நின்றால் இரண்டு துண்டு. வண்டி யாரைக் காணவில்லையோ அவர் பக்கம் இருட்டாக இருக்கும். "என் பக்கம் எரியலன்னா நான் எறங்க மாட்டேன்," என்றார் பாக்கியம் அம்மா. வளைவுகளில், வண்டிக்கு முழு ரோடும் தெரியாத இடத்தில், லைட்டே போடுவதில்லை, வெறுமனே நிற்பது என்று முடிவு செய்தோம். அப்படி வேண்டும் என்று கேட்டது சரோஜா.

கடைசி நாள் அவர் வேனுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உறையைத் தலையில் மட்டும் மாட்டிக்கொண்டு, காம்பரா வளைவில் நிறுத்திய வேனிலிருந்து வலை வழியாக இடது பக்கம் பார்த்தார். வெளியே, படிக்கட்டில் மாமியார் குழந்தையோடு நின்றார்.

"அத்தையவே தெரியல மாமா," என்றார். உறையைக் கழற்றினார். "படிக்கட்டே தெரியல. நீங்க எப்பிடி என்னைய பாத்திருப்பீங்க? ஒங்க மேலயும் பெழ இல்ல."

அவர் என்னை மன்னிப்பதற்காகத்தான் ஏறிப் பார்த்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வளைவில் நான் நான்கு வாரம் ஓட்டியவன்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றேன். "மொத நாளே தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் அங்க லைட்டப் போட்டேன்."

அவர் உறையை என் கையில் கொடுத்தார். இறங்கிப் போய் மாமியாரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

இப்போது ஹட்டனில் புதிய வேன் டிரைவர்களுக்கு மாதம் ஒரு தடவை பேசக் கூப்பிடுகிறார்கள். அவர்களில் யாரும் தானாக ஓடும் கார் ஓட்டப் போவதில்லை. ஆனாலும் இதைச் சொல்கிறேன். ரோட்டில் ஒருவருக்கு நீங்கள் காட்டும் கை, அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத இடம் ஒன்று பக்கத்தில் இருந்தால், கையைக் காட்டாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். அவர்கள் பார்த்துக் கடப்பார்கள்.